திரைப்படச் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் பதினோரு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது திரையிடல்கள் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூடியது. ஒருமுறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, இல்லை.

அப்புறம் நம் சங்கம் எடுக்கும் குறும்படம். வெளியே பலவிதமாகப் பேசுகிறார்கள் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அம்மா அறியான்' போட்டோம். அவரும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா என்ற திரைப்படக் குழுவினர் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி எடுத்து, 1986-ல் வந்த படம். முடிந்ததும் "நாமும் ஒன்று எடுப்போம்" என்று கை தூக்கியவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது.

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா சொன்னது: "இங்க நெழலே கெடையாது தம்பி. நம்ம நெழல்ல நாமளே நிக்க முடியாதுல்லா." அவ்வளவுதான் கதை.

நான்கு நாள் படப்பிடிப்பு. உச்சி வெயிலில் முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது, உப்புக்கு வைத்தால் முகம் கரி. அதனால் காலை எட்டுக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பிறகும்தான் எடுக்க முடிந்தது. கடல் காற்றில் ஒலி கெட்டுப்போனதால், என் மகளின் கரடி பொம்மையைப் பிரித்து மைக்குக்கு உறை தைத்தேன். (அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.) முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மகோல் அட்டை பிடிப்பதாகச் சொன்ன இரண்டு பேரும் வரவில்லை. அதைக் கல்லில் சாய்த்து வைத்தோம். காற்று தூக்கிப் பாத்தியில் போட்டது. வேலையாட்கள்தான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிக் காட்சிக்குள் அக்டோபர் மழை வந்து பாத்திகள் நிறைந்துவிட்டன.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ சரியாகவே இருக்கின்றன. படச் செலவில் ஒரு பகுதி என் கைக்காசு. ரசீதுகள் மஞ்சள் பையில் உள்ளன, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். மாதச் சந்தா 50 ரூபாய். 38 பேரில் 14 பேர்தான் முழுதாகக் கட்டியிருக்கிறார்கள். ஒடேசாக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்தவர்களிடமே வாங்க முடியவில்லை.

மண்டபம் தந்தவருக்கும், டீக்கடை அண்ணனுக்கும், கணக்குத் தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் தொடர்வதா வேண்டாமா என்பது பொதுக்குழுவின் விருப்பம். யார் வந்தாலும் சரி, ஹார்ட் டிஸ்க் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. மழை விட்டு மறுபடி உப்பு வாரத் தொடங்கியதும் எடுக்க இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பு பாக்கி. தெர்மகோல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். காலை ஐந்து மணிக்கு.