சிண்டரெல்லாவின் முதல் ஆல்பம்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பளபளக்கும் ஒப்பனையோடு மேடையேறிய ராக் குழுக்களின் இசையான, எண்பதுகளின் கிளாம் மெட்டலைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அமெரிக்க ராக் குழுவான சிண்டரெல்லாவின் முதல் ஆல்பமான ‘நைட் சாங்ஸ்’ பற்றி ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிட்ட கட்டுரையாளர், அக்குழுவை லாஸ் ஏஞ்சலிஸ் குழுக்களின் வரிசையில் நிறுத்தியதோடு, சிலுப்பிவிட்ட முடியும் முகப்பூச்சும், இசைக் காணொளிகளை ஒளிபரப்பிய எம்டிவி தொலைக்காட்சியுமே அதன் வெற்றிக்குக் காரணம் என்றும் தீர்ப்பளித்திருக்கிறார். முதலாவது பிழை, இரண்டாவதில் பாதிதான் உண்மை.

சிண்டரெல்லா, பிலடெல்பியா வட்டாரத்து மதுக்கூட மேடைகளில் வாசித்து வளர்ந்த குழு. அங்கே அவர்களது நிகழ்ச்சியைக் கண்ட, பான் ஜோவி ராக் குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவி, தம் இசை நிறுவனத்தின் அதிகாரி டெரெக் ஷுல்மனிடம் பரிந்துரைத்ததே திருப்புமுனையாயிற்று. பரிந்துரையோடு அவர் நிற்கவில்லை. ஆல்பத்தின் இரண்டு பாடல்களில் பின்னணிக் குரலும் கொடுத்தார், பின்னர் தம் குழுவின் சுற்றுப்பயணத்தில் தங்களுக்கு முன்னால் மேடையேறும் தொடக்கக் குழுவாக அவர்களை அழைத்தும் சென்றார்.

1986-இல் மெர்க்குரி நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பம், மறு ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆல்பப் பட்டியலில் 3-ஆம் இடத்தைத் தொட்டது. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் படிகளுக்கான பிளாட்டினச் சான்றும் காலப்போக்கில் கிடைத்தது. எம்டிவியின் பங்கை நான் மறுக்கவில்லை. குழுவின் பெயருக்கேற்ப, சிண்டரெல்லா தேவதைக் கதையில் வரும் மாற்றாந்தாய் மகள்கள் இருவரைக் காணொளிக்குக் காணொளி உலவவிட்ட குறும்பை அன்றைய இளைஞர்கள் ரசிக்கத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் வெளியான ‘ஷேக் மீ’ பாடலிலும் அதே முடி, அதே முகப்பூச்சு. அது பில்போர்டின் முதல் நூறு பாடல்களுக்குள் நுழையவே இல்லை. அடுத்து வந்த ‘நோபடீஸ் ஃபூல்’ என்ற மெதுவான பாடல்தான் 13-ஆம் இடம்வரை ஏறி ஆல்பத்தையும் உடன் தூக்கிச் சென்றது. ஒப்பனையே காரணமென்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

விடை பாடலிலேயே இருக்கிறது. தணிந்த குரலில் தொடங்கி, போகப்போகத் தொண்டை கிழியும்படி குழுவின் பாடகர் டாம் கீஃபர் அதைப் பாடியிருக்கும் விதத்தில் பளபளப்பைவிட, கறுப்பின அமெரிக்கர்களின் சோக இசையான புளூஸின் புலம்பலே மிகுதி. ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் எழுதியவர் அவரே. தயாரிப்பாளராக அமைந்த ஆண்டி ஜான்ஸ், லெட் செப்பலின், ரோலிங் ஸ்டோன்ஸ் ஆகிய ராக் குழுக்களின் புகழ்பெற்ற ஆல்பங்களில் ஒலிப்பதிவுப் பொறியாளராகப் பணிபுரிந்தவர். கிட்டாரின் கரகரப்பை வழவழப்பாக்கிக் கெடுக்காமல் விட்டது அவருடைய கைவண்ணம் என்றே, ஒலிநாடா தேயத் தேயக் கேட்டவன் என்ற முறையில் நான் கருதுகிறேன். 1988-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் குழு வெளிப்படையாகவே புளூஸ் பக்கம் சாய்ந்ததை எதிர்பாராத திருப்பம் என்று கட்டுரையாளர் வியந்திருப்பதும் இதனால்தான் எனக்கு வியப்பளிக்கிறது.

இன்னொரு திருத்தமும் உண்டு. ஆல்பத்தின் டிரம்ஸ் வாசிப்புக்காகக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஃபிரெட் கூரியைக் கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார். கூரி சிறந்த கலைஞர், காணொளிகளில் தோன்றியவரும் அவரே. ஆனால் அந்த ஒலிப்பதிவில் வாசித்தவர் ஜோடி கோர்டெஸ் என்னும் கலைஞர். மேடையேறாமல் போன அவருக்குரிய பெயரை அடுத்த இணைப்பிதழில் ஒரு வரியிலாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்