தண்ணீர்க் கூட்டத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஹாலிஃபாக்ஸ் வட்டாரத் தமிழ் நண்பர்களுக்கும், கேப் பிரெட்டனிலிருந்து வந்து பேசிய மிக்மாக் பூர்வகுடி நண்பர்களுக்கும் வணக்கம்.

கனடாவின் அட்லாண்டிக் பகுதிப் பூர்வகுடி ஊர்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே நிர்வகிப்பது பற்றிப் போன சனிக்கிழமை நூலகத்தில் நடந்த கூட்டம் நல்லபடியாக முடிந்தது. மேடையில் நன்றி சொல்ல ஆரம்பித்த நேரத்தில் நூலகத்தார் ஒவ்வொரு விளக்காக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். வர முடியாமல் போனவர்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி அந்த ஆபரேட்டருக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். சுத்திகரிப்பு நிலையத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, அத்தனை தூரம் வண்டி ஓட்டி வந்து சேர்ந்தார். பேச்சு ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தார். நூலகக் குழாயில் பிடித்த தண்ணீரை இரண்டிலும் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு பொட்டலத்தைக் கிழித்துப் பொடியைத் தட்டிக் குலுக்கினார். தண்ணீர் ரோஸ் நிறமானது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். குப்பியை மீட்டருக்குள் வைத்து, குளோரின் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒரு பிள்ளையையே படிக்கச் சொன்னார். இதைத் தினமும் செய்கிறாராம், கிறிஸ்துமஸ் அன்றும்.

அன்றைய கூட்டத்தில் எனக்கு மிகவும் உறைத்தது அதற்கப்புறம் அவர் சொன்னதுதான். முன்பிருந்த முறையில் சின்ன ஊர் என்றால் ஒரே ஆபரேட்டர். அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாற்றாள் கிடையாது. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியதும் பக்கத்து நகராட்சி கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். ஊர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கோடிக்கணக்கில் செலவழித்து நிலையம் கட்டி ரிப்பன் வெட்டுவார்கள், அதை ஓட்ட ஆள் நிற்கமாட்டார். கனடாவில் பூர்வகுடி ஊர்களின் தண்ணீர்ப் பிரச்சினை என்றாலே நாம் கட்டடத்தையும் குழாயையும்தான் நினைக்கிறோம். ஆளையும் சம்பளத்தையும் யாரும் நினைப்பதில்லை. இப்போது அவர் ஓர் ஊரில் தனியாகக் கிடக்கும் ஆபரேட்டர் இல்லை, தன் மக்களே நடத்தும் வாரியத்தின் ஊழியர். சந்தேகம் வந்தால் கூப்பிட எஞ்சினியர் இருக்கிறார்.

அந்த வாரியம்தான் அட்லாண்டிக் முதற்குடிகள் நீர் ஆணையம். கனடாவில் பூர்வகுடிகளே சொந்தமாக வைத்து நடத்தும் முதல் குடிநீர், கழிவுநீர் நிறுவனம் அது. 2018இல் பதிவானது. 2020இல் மத்திய அரசோடு முதல்கட்ட உடன்பாடு ஏற்பட்டது. 2022 நவம்பரில் பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. மத்திய அரசு தருவது பத்து ஆண்டுகளுக்கு 25.7 கோடி டாலர். சேர்ந்த ஊர்களின் நீர், கழிவுநீர்ச் சொத்துகளை ஓட்டுவது, பழுது பார்ப்பது, புதுப்பிப்பது எல்லாம் இனி ஆணையத்தின் வேலை.

இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வியைப் போட்ட ஐயாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பணம் ஒட்டாவாவிலிருந்துதான் வருகிறதென்றால் இது எப்படிச் சொந்த நிறுவனமாகும் என்று கேட்டார். நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த கேள்வி. பதில் சொன்ன ஆணையத்தின் இளம் எஞ்சினியர் மழுப்பவில்லை. பணம் அங்கிருந்துதான் வருகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் முன்பு ஒவ்வொரு ஊரும் பம்பு கெட்டால் மனுப் போட்டு, அதிகாரியின் பட்டியலில் தன் முறைக்குக் காத்திருந்தது. ஓட்டும் செலவுக்குக் கணக்குப் போட்டு அதில் 80 விழுக்காட்டை அரசு தரும், மீதியை ஊரே தேடிக்கொள்ள வேண்டும் என்பது பல காலம் இருந்த விதி. வரிவருமானமே இல்லாத ஊர் எங்கே போகும்? முழுச் செலவையும் ஏற்பதாக அரசு அறிவித்ததே 2020இல்தான். இப்போது பத்தாண்டுப் பணம் கையில் இருப்பதால், எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, எந்த ஊருக்கு முதலில் செய்வது என்பதை ஊர்த் தலைவர்கள் அமர்ந்திருக்கும் இயக்குநர் குழுவே முடிவு செய்கிறது. சரி, பத்தாண்டு முடிந்தபின்? அதற்கு அவரிடமும் பதில் இல்லை. ஐயா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முழுத் திருப்தி இல்லை, எனக்கும்தான்.

பொட்லோடெக்கிலிருந்து வந்த அந்த அம்மாவைப் பற்றி எழுதாமல் முடியாது. அது கேப் பிரெட்டனில் பிராடோர் ஏரிக்கரையில் இருக்கும் மிக்மாக் ஊர். மங்கனீசும் இரும்பும் கலந்து குழாயில் கறுப்பாகத் தண்ணீர் வந்து, 2016இல் மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். வெள்ளைத் துணியை வீட்டில் துவைப்பதையே விட்டுவிட்டதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நம் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் கனடாவின் வழிகாட்டு நெறியில் மங்கனீசு வெறும் நிறம், சுவை சார்ந்த குறையாகத்தான் இருந்தது. உடல்நலம் கருதி லிட்டருக்கு 0.12 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது 2019இல். ஊரார் கண்ணால் பார்த்துக் கூடாது என்று சொன்னதை எண்ணால் சொல்ல மூன்று ஆண்டு பிடித்திருக்கிறது. அந்த ஊரின் தலைவராக இருந்த வில்பர்ட் மார்ஷல்தான் பின்னால் ஆணையத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார் என்பதை அந்த அம்மா பெருமையோடு சொன்னார்.

ஆணையத்துக்கு ஆலோசனை சொல்ல மூத்தோர் அவை ஒன்றும் இருக்கிறது. எஸ்கசோனி என்ற மிக்மாக் ஊரைச் சேர்ந்த மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் சொல்லிவந்த 'இரு கண் பார்வை', அதாவது ஒரு கண்ணில் முன்னோர் அறிவு, மறு கண்ணில் இன்றைய அறிவியல் என்பதை வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அறிக்கையில் அழகாக இருக்கும், ஆலைக்குள் என்ன செய்யும்? அதையும் அந்த அம்மாவே தெளிவாக்கினார். சுத்திகரித்த கழிவுநீர் போய்ச் சேரும் ஏரியில்தான் ஊரார் சிப்பியும் விலாங்கும் எடுக்கிறார்கள். எந்தக் காற்றுக்குத் தண்ணீர் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று அவர்களைக் கேட்காமல் வெளியேற்றும் குழாயைப் போட்டால் நஷ்டம் யாருக்கு என்றார்.

கழிவுநீர் என்றதும் ஞாபகம் வருகிறது. மேட்டுக்குத் தள்ளும் பம்புக் கிணற்றில் ஈரத் துடைப்புத் தாள்கள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு பம்பைப் பிடித்துவிடும் படத்தை ஆபரேட்டர் காட்டினார் அல்லவா? டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் அதைக் கழிப்பறையில் போடாதீர்கள். இது நம் வீடுகளுக்கும்தான்.

இந்தக் கதையைக் கூட்டத்தில் சொல்ல முடிந்ததற்குக் காரணமான முன்னோடிகளுக்கும் ஒரு வணக்கம். அட்லாண்டிக் பகுதிப் பூர்வகுடித் தலைவர்களின் கொள்கைப் பேரவை இதற்காகப் பல ஆண்டுகள் அலைந்தது. டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிரகாம் கான்யான் குழு ஆய்வுத் துணை நின்றது. ஹாலிஃபாக்ஸ் நீர் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய கார்ல் யேட்ஸ், ஓய்வுக்குப் பிறகு ஆணையத்துக்கு வந்து தலைமை நிர்வாகியானார். இவர்கள் யாரும் நம் கூட்டத்துக்கு வரவில்லை, நாம் அழைக்கவும் இல்லை.

அப்புறம் நம் ஆட்கள். கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கை, மூன்று பேரின் பேச்சையும் நிறுத்தாமல் தமிழில் சொன்னாள். ஒண்டாரியோ மாநிலத்துப் பூர்வகுடி ஊரான நெஸ்கன்டாகாவில் 1995 முதல் கொதிக்க வைத்துக் குடிக்கும் நிலை என்று சொல்லும்போது, அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே என்று அவளாகச் சேர்த்துக்கொண்டாள். கூட்டமே ஒரு நிமிடம் அமைதியானது. சுண்டலும் கேசரியும் செய்து வந்த அக்காமார்களே, கேசரி பாத்திரத்தை ஆபரேட்டர் துடைத்து வைத்ததை நானே பார்த்தேன். அவருக்குச் செய்முறை வேண்டுமாம், யாராவது எழுதி அனுப்புங்கள். நாற்காலி அடுக்கிய தம்பிகளுக்கும், மைக் கேட்டதும் கொடுத்த நூலகத்தாருக்கும் நன்றி.

படங்கள் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இந்த வாரக் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறேன். நிலையத்தைப் போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். பனி விழுவதற்குள் ஒரு நாள் பார்த்துச் சொல்வதாக எஞ்சினியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரப்பர் காலணி கட்டாயம்.

அன்புடன்,
கூட்ட ஏற்பாட்டாளர்களில் ஒருவன்