பள்ளிக்கு வரும் உளவியலாளர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூறு மாணவர்களுக்குக் குறையாமல் உள்ள கல்வி நிறுவனங்கள், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. இதில் ‘பயிற்சி’ என்பதைப் பள்ளிகள் கண்டுகொள்வதில்லை. பட்டச் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள். யாருடைய மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் பிள்ளைகளுடன் பணியாற்றினார் என்று கேட்பதே இல்லை.

எம்.எஸ்சி. உளவியல் படித்தவர் மாணவரிடம் பேசலாம், வகுப்பில் கவனிக்கலாம், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வழி சொல்லலாம். ஆனால் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கான சோதனையை, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ மறுவாழ்வு உளவியலாளரோதான் செய்ய வேண்டும். பெற்றோர் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கண், காது. அடுத்து நுண்ணறிவுச் சோதனை. அதன் பிறகே வாசிப்பு, எழுத்து, கணக்கு. முதல் படியைச் செய்யாமல் விட்டுவிட்டால், கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு என்று முத்திரை விழுந்துவிடும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சோதனை வைப்பது இன்னொரு கொடுமை. அதில் தெரியவருவது அந்தப் பிள்ளையின் ஆங்கிலக் குறைவு மட்டுமே. இரைச்சலான இடத்தில், பசி வேளையில், எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்தாலும் மதிப்பெண் சரியும்.

ஆலோசகருக்குக் கதவு உள்ள தனி அறை வேண்டும். ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும், ஒழுங்கு விசாரணை நடத்தவும் அவரை அனுப்பினால் எந்த மாணவரும் அவரிடம் மனம் திறக்க மாட்டார். பேசியது வெளியே போகாது என்ற உறுதியுடன் அதற்குள்ள விலக்குகளையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: தற்கொலை எண்ணம், பிறருக்கு ஆபத்து, பாலியல் துன்புறுத்தல். கடைசியாகச் சொன்னதில், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது கட்டாயம். ‘முதலில் நாங்களே விசாரிக்கிறோம்’ என்று நிர்வாகம் தள்ளிப்போட முடியாது. தகவல் தராமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம்.

நியமன ஆணையிலேயே பணி வரம்பு, தனி அறை, எந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பது என்ற மூன்றையும் எழுதித் தரும்படி பள்ளிக் கல்வித் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி உளவியலாளர்,
மதுரை.