கிண்ணத்தில் எழுதிய சொல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த பீங்கான் கட்டுரையை ஆசையோடு படித்தேன். சீனத்துச் சூளைகளைப் பற்றி அருமையாக எழுதியிருந்தார்கள். ஆனால் அரபு, பாரசீகப் பாண்டங்களை 'சீனப் பீங்கானின் நகல்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது.

பார்த்துச் செய்தார்கள் என்பது உண்மைதான். 9ஆம் நூற்றாண்டில் சீன வெள்ளைக் கிண்ணங்கள் கப்பலேறி ஈராக்குக்கு வந்தன. பஸ்ராக் குயவர்களிடம் அந்த வெள்ளை மண்ணும் இல்லை, அவ்வளவு சூடேறும் சூளையும் இல்லை. கிடைத்த மண்ணில் வனைந்து, மேற்பூச்சு மெருகில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்து வெளுக்க வைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் நகல் என்று சொல்லலாம். அந்த வெள்ளையின் மேல் கோபால்ட் நீலத்தால் வரைந்தார்கள். வெள்ளியும் செம்பும் கலந்த வண்ணம் தீட்டி, புகை மண்டிய சூளையில் மறுபடி சுட்டு, மண் கிண்ணத்தில் பொன் மினுக்கத்தை வரவழைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் சீனத்துப் பீங்கான் நகரமான ஜிங்டேஜென்னில் நீல வெள்ளைப் பீங்கான் செழித்தபோது, அதற்கு வேண்டிய கோபால்ட் ஈரான் பக்கமிருந்துதான் போனது.

இவற்றையெல்லாம் விட எனக்கு நெருக்கமானது வேறொன்று. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்த்த, ஈரானின் நிஷாப்பூர் நகரத்து 10ஆம் நூற்றாண்டுக் கிண்ணம். ஒன்றரை அடி அகலம். மண் நிறம் தெரியாதபடி வெண்களிமண் குழம்பு பூசி, அதன்மேல் கறுப்பில் கூஃபி என்னும் பழைய பாணி அரபு எழுத்து. பூவில்லை, பறவையில்லை, எழுத்து மட்டும்தான். ஒவ்வொரு நெடுங்கோடும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இறங்குகிறது. இடையில் விட்டிருக்கிற வெள்ளை வெளிதான் அந்த எழுத்தைத் தூக்கி நிறுத்துகிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். எங்கே தீட்டாமல் விட வேண்டும் என்று கற்பிப்பதுதான் ஆகக் கடினம்.

சிறுவயதில் ஓதப் போன பள்ளியில் அரபு எழுத்துக்கூட்டக் கற்றவன்தான். ஆனாலும் புள்ளியில்லாத, நீட்டி வளைத்த அந்த எழுத்து பிடிபடவில்லை. அருகிலிருந்த குறிப்பைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தேன். செயல் என்று பொருள்படும் 'அமல்' என்ற சொல் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்குகிற சொல்! 'செயலுக்கு முன் திட்டமிடுவது வருந்தாமல் காக்கும். நலமும் அமைதியும் உண்டாகட்டும்' என்பது வாசகம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இதே வகைத் தட்டு ஒன்று உண்டு. 'கல்வியின் சுவை தொடக்கத்தில் கசப்பு, முடிவில் தேனினும் இனிப்பு' என்று அதில் எழுதியிருக்கிறது.

இவை வேத வசனங்கள் அல்ல. பெரியவர்கள் வாயில் வருகிற புத்திமதி, சாப்பிட உட்காருபவருக்கு ஒரு வாழ்த்து. பேச்சு பாரசீகமாக இருந்த ஊரில், அரபு எழுத்தை இத்தனை பொறுமையாகத் தீட்டிய கைகள் யாருடையவோ. எத்தனை பேர் அதை வாசித்தார்களோ. விருந்தில் ஒருவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி எழுத்துக்கூட்ட, மற்றவர்கள் காத்திருந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த இதழில் அந்தக் கிண்ணத்தின் படத்தை, அதன் வாசகத்தின் தமிழாக்கத்தோடு, முழுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காயல்பட்டினம்