காலபோகக் கூட்டத்தில் புடையனுக்கும் ஐந்து நிமிடம்

வன்னிக் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்கள், செயலாளர்கள், அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு காலபோக (பெரும்போக நெற்செய்கை) கூட்டத்திலும் குளத்துத் தண்ணீர், விதைப்புத் திகதி, பசளை, கட்டாக்காலி மாடு எல்லாம் பேசி முடிக்கிறோம். புடையன் பாம்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைச் செத்தவீட்டில்தான் பேசுகிறோம்.

இந்தியாவில் கண்ணாடி விரியன் என்பது எங்கள் புடையனைத்தான். முக்கோணத் தலை, முதுகில் மூன்று வரிசையாகக் கரும்பழுப்பு வட்டங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று கையால் தூக்கியவர்களும் உண்டு! முட்டையிடாது, குட்டி போடும். ஒரு ஈற்றில் 20, 30 குட்டி சாதாரணம். பிறந்த அன்றே குட்டிக்கும் நஞ்சு இருக்கும். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் புடையன் வரும், அரிவு வெட்ட நாங்கள் போவோம். ஆள் வந்தால் விலகி ஓடும் சாதியல்ல அது. காய்ந்த வைக்கோலோடு வைக்கோலாகச் சுருண்டு கிடக்கும். கிட்டப் போனால் சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோலச் சீறும். வெட்டு மெசின் இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்?

என் சித்தப்பாவுக்குக் கருக்கலில், வரம்பில் வைத்துக் கணுக்காலில் கடித்தது. சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டி, முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம்தான் கொண்டு ஓடினோம். மூன்று மணித்தியாலம் வீண். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் அசையாமல் வைத்தார்கள். 20 நிமிடம் கழித்துச் சரித்தபோது, உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. பல் முரசிலும் இரத்தக் கசிவு. ஆள் தப்பினார், ஆனால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போய்த்தான்.

கூட்டத்தில் ஐந்து நிமிடம் தாருங்கள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதைச் சமாளிக்கவும் அங்கேதான் வசதி. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இரவில் யாருடைய ஓட்டோ வரும் என்று நம்பரை எழுதி ஒட்டுங்கள். பூட்ஸ் போடுங்கள் என்றால் சேற்றில் புதையும் என்பீர்கள், தெரியும். அரிவு வெட்டு நேரம் வயல் காய்ந்துதானே கிடக்கிறது? அமைப்பாக மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். சாரைப் பாம்பையும் அடிக்காதீர்கள், எலியைத் தின்பது அதுவும்தான்.

சித்தப்பா வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். கூட்டத் திகதியைச் சொன்னால் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சிக் கமக்காரன் ஒருவன்