வெடிமருந்துக் கிடங்கும் வெயிலும்

ஆசிரியருக்கு,

ஆயுதக் கிடங்கு எங்கே வெடித்தாலும் ‘காலாவதியான வெடிமருந்து’ என்றே செய்தி வருகிறது. மாத்திரை அட்டையில் இருப்பதுபோல அதற்கும் ஒரு தேதி உண்டு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று முப்பது வருடம் தாங்கும். வெயிலில் கிடந்த மற்றொன்று அதற்கு வெகுமுன்பே கெட்டுவிடும்.

குண்டை உந்தும் மருந்தின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். சும்மா வைத்திருந்தாலே அது மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அந்த வாயுவே சிதைவை முடுக்கும். அதை உறிஞ்சத்தான் டைபினைலமைன் போன்ற நிலைப்படுத்தியைச் சுமார் 1 சதவீதம் சேர்க்கிறார்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஏறும். நிலைப்படுத்தி தீர்ந்துவிட்டால் சூடு குவியலின் நடுவில் தேங்கி, தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

சைப்ரஸில் 2009-இல் ஒரு கப்பலிலிருந்து பறிமுதல் செய்த 98 வெடிமருந்துக் கன்டெய்னர்களைக் கடற்படைத் தளத்தில் வெட்டவெளியில் அடுக்கினார்கள். 2011 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு கன்டெய்னர் உப்பிப் புடைத்தது. 11-ஆம் தேதி விடிகாலையில் எல்லாம் வெடித்ததில் 13 பேர் இறந்தார்கள். பக்கத்து வாசிலிகோஸ் மின்நிலையமும் நாசமானது.

வெளியே 40 டிகிரி என்றால், வெயிலில் நிற்கும் இரும்புக் கன்டெய்னருக்குள் 60-ஐத் தொடும். ஆகவே வாசல் நிழலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேடு எழுதிப் பயனில்லை. அதை மேல் அடுக்கில், கூரையை ஒட்டி வைத்து அன்றைய உச்சத்தைக் குறிக்க வேண்டும். பெட்டிகள் கட்டைமேல், சுவரிலிருந்து விலகி இருக்கட்டும். ஈரம் ஏறினால் தோட்டாவின் பித்தளைக் கூடு அரித்துப்போகும், மருந்தும் சீக்கிரம் கெடும். சுற்றிலும் புல் வெட்டுவதைச் செலவு என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு 2000-இல் ராஜஸ்தானின் பரத்பூர் ராணுவக் கிடங்கில் புல்லில் பற்றிய தீ ஒன்றே போதும்.

டப்பாவைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் அமில நெடி, செம்பழுப்புப் புகை, தொட்டாலே கிழியும் மருந்துப் பைத்துணி: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஆட்களை உடனே விலக்க வேண்டும். அதற்குள் காலம் கடந்திருக்கும். கண்ணுக்குத் தெரியுமுன் காட்டிக்கொடுப்பது ஆய்வகம்தான். நிலைப்படுத்தி 0.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அதே தயாரிப்புத் தொகுதி எண் கொண்ட பெட்டிகளை எல்லாக் கிடங்குகளிலிருந்தும் பிரித்தெடுத்து அழிக்க வேண்டும்.

அடுத்த விபத்தின்போது உங்கள் நிருபர் ‘எத்தனை வருடப் பழசு’ என்று கேட்பதோடு, நிலைப்படுத்தியைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்