கதிருக்கு, அந்தச் சிரிப்பு முகம் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நம் குடும்பக் குழுவில் பிரபு போட்ட வீடியோவுக்குக் கீழே உன் பெயரில் ஒரு சிரிப்பு முகம் இருந்தது. வேறு யாராவது போட்டிருந்தால் அப்போதே அங்கேயே எழுதியிருப்பேன். உன் பெயரைப் பார்த்ததும் கை ஓடவில்லை. மறுநாள் போனில் கேட்டேன், "அது இங்க அவங்க அரசியல் சண்டைம்மா, நமக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு இளவேனிலின் நீச்சல் வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

அந்த வீடியோ என்ன என்பதை நீ முழுதாகப் பார்த்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் அதிபர் ட்ரம்ப்பின் சொந்தச் சமூக வலைதளமான ட்ரூத் சோஷியலில், அவர் கணக்கில் ஓர் இரவு வந்தது. 2020 தேர்தலில் மோசடி நடந்தது என்ற அதே பழைய பேச்சுதான் பெரும்பகுதி. முடியும் இடத்தில் ஒரு நொடியோ இரண்டு நொடியோ, ஒபாமாவின் முகத்தையும் மிஷேலின் முகத்தையும் குரங்கு உடம்பில் ஒட்டி ஆட வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய பாதி நாள் அது அங்கேயே கிடந்தது. வெறும் மீம், போலியாகக் கோபப்படாதீர்கள் என்றது வெள்ளை மாளிகை. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு கிளம்பியதும் ஊழியர் ஒருவர் தவறுதலாகப் போட்டுவிட்டார் என்று சொல்லி எடுத்தார்கள். குடியரசுக் கட்சியின் ஒரே கறுப்பின செனட்டரான டிம் ஸ்காட், இந்த வெள்ளை மாளிகையிலிருந்து வந்தவற்றிலேயே இதுதான் மிக மோசமான இனவெறி என்று எழுதி, அதிபர் அதை நீக்க வேண்டும் என்று கேட்டார். அதிபரோ, முன்பகுதியை மட்டும்தான் பார்த்தேன் என்றார், மன்னிப்புக் கேட்க முடியாது என்றார்.

பிரபு குழுவில் ஒரு விளக்கமும் எழுதியிருந்தான். நாம் ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறவர்கள், வீட்டில் பிள்ளைகளைக் குரங்கே என்று கொஞ்சுகிறவர்கள், நமக்கு இதில் என்ன அவமானம் என்று. உன்னையும் நான் அப்படிக் கொஞ்சியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் யார் யாரைச் சொல்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் என்ன நடந்திருக்கிறது என்பதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் உலகத்தில் எதுவுமே தப்பில்லை. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவளிடம் இப்படி ஒரு வாதம் வந்தால் சும்மா இருக்க முடியுமா.

1906 செப்டம்பரில், நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில், காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரை, குரங்குகளுக்கான கூண்டில் ஓர் ஒராங்குட்டானோடு சேர்த்து நிறுத்தினார்கள். காட்சிக்கு, ஜனங்கள் பார்ப்பதற்கு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அவர் கூண்டுக்கு வெளியே நடந்தால் கூட்டம் பின்னாலேயே ஓடியது, கூச்சல் போட்டது, விலாவில் குத்தியது, கால் இடறி விழ வைத்தது, எல்லோரும் சிரித்தார்கள். இதை நான் ஜோடிக்கவில்லை, அந்தக் காலத்து நியூயார்க் பத்திரிகையே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கறுப்பினப் பாதிரியார்கள் போராடினார்கள். ஜேம்ஸ் கோர்டன் என்ற பாதிரியார், எங்கள் இனம் ஏற்கெனவே போதுமான அளவு தாழ்த்தப்பட்டுக் கிடக்கிறது, குரங்குகளோடு எங்களில் ஒருவரைக் காட்சிக்கு வேறு வைக்க வேண்டுமா என்று கேட்டு, கடைசியில் அவரைத் தன் அநாதை இல்லத்துக்கு அழைத்துப் போனார். பிறகு ஓட்டா பெங்கா வர்ஜீனியாவுக்குத்தான் வந்தார், லிஞ்ச்பர்க்குக்கு, நீ இருக்கும் ரிச்மண்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய ஊர். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் 1916-இல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அந்தக் காட்சிசாலையை நடத்தும் அமைப்பு இதற்காக மன்னிப்புக் கேட்டது 2020-இல். நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

"நமக்கு என்ன" என்றாயே, அதற்கு வருகிறேன். அந்தக் காட்சிசாலைச் சங்கத்தின் செயலாளர் மேடிசன் கிராண்ட். மனித இனங்களில் உயர்வு தாழ்வு இருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அதே மனிதர்தான் பிறகு வெளிநாட்டவர் குடியேறுவதைத் தடுக்கும் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முன்னின்று உழைத்தார். அந்தச் சட்டம் ஆசியாக்காரர்களுக்குக் கதவைச் சாத்தியது. அதற்கு முந்தைய வருஷம்தான் பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர்கள் இல்லை, குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1946-இல் கொஞ்சம் திறந்தபோது இந்தியா முழுவதற்கும் வருஷத்துக்கு 100 பேர், அவ்வளவுதான். 1965-இல் வந்த சட்டத்தால்தான் நம்மவர்கள் பெருமளவில் போக முடிந்தது, அந்தச் சட்டத்துக்கான சூழலை உண்டாக்கியது கறுப்பின மக்கள் அடி வாங்கி, சிறைக்குப் போய், செத்து நடத்திய சிவில் உரிமைப் போராட்டம். நீ போய் இறங்கிய நாட்டின் கதவை யார் சாத்தினார்கள், யார் திறந்தார்கள் என்று யோசி. சாத்தியவன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவன். நீ அவன் பக்கம் நின்று சிரித்திருக்கிறாய் கண்ணா.

உன் வர்ஜீனியாவிலேயே நடந்ததையும் சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் செனட்டர் ஜார்ஜ் ஆலன் ஒரு கூட்டத்தில், எதிர்க்கட்சிக்காரருக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்த 20 வயது இந்திய வம்சாவளி மாணவரைக் கையால் சுட்டிக்காட்டி "மகாகா" என்று கூப்பிட்டார். குரங்கு இனத்தின் பெயர் அது, ஆப்பிரிக்காவில் காலனிக்காரர்கள் வசவாகப் பயன்படுத்தியது. அமெரிக்காவுக்கு நல்வரவு என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பையன் வர்ஜீனியாவில் பிறந்தவன், ஆலன்தான் கலிஃபோர்னியாவில் பிறந்தவர்! கூட்டம் சிரித்தது. பையன் எடுத்த வீடியோவே யூடியூபில் பரவி, அந்த நவம்பரில் பத்தாயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஆலன் தோற்றார். அது 2006. இன்று அதைவிட எத்தனையோ மடங்கு மோசமானதை நாட்டின் அதிபர் கணக்கிலிருந்து போட்டுவிட்டு, மன்னிப்பும் கேட்காமல் போக முடிகிறது. நடுவில் ஒரே நாளில் இப்படி ஆகிவிடவில்லை. ஒபாமா அமெரிக்காவிலேயே பிறக்கவில்லை என்று கிளப்பிவிட்டு, அவர் 2011-இல் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்ட வேண்டி வந்ததே, அது ஒரு படி. 2019-இல் ட்ரம்ப் நான்கு பெண் எம்.பி.க்களை வந்த நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று எழுதினாரே, நால்வரில் மூன்று பேர் அங்கேயே பிறந்தவர்கள், அது ஒரு படி. 2025 செப்டம்பரில், ஜனநாயகக் கட்சியின் கறுப்பினத் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸுக்கு மெக்சிகோ தொப்பியும் மீசையும் ஒட்டிய போலி வீடியோ. அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்றார் துணை அதிபர். ஒவ்வொரு தடவையும் யாரோ சிரித்து, யாரோ தோளைக் குலுக்கி, அடுத்ததுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மட்டும் என்றும் நினைக்காதே. எனக்கு மறக்கவே முடியாதது பிரான்சில் நடந்தது. கிறிஸ்தியான் தொபிரா, தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவின் கயேன் நகரத்துக்காரர், அடிமை வியாபாரம் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று பிரான்ஸ் 2001-இல் இயற்றிய சட்டம் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. 2012-இல் நீதி அமைச்சர் ஆனார். 2013-இல் தீவிர வலதுசாரிகளான தேசிய முன்னணிக் கட்சியின் உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளர் ஒருவர் தன் ஃபேஸ்புக்கில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று குரங்குக் குட்டி, 18 மாதத்தில் என்று கீழே எழுதியிருந்தது. மற்றது தொபிரா, இப்போது என்று எழுதியிருந்தது. தொலைக்காட்சியில் கேட்டபோது, அவரை அரசாங்கத்தில் பார்ப்பதைவிட மரக்கிளையில் பார்ப்பதே மேல் என்ற அர்த்தத்தில் பதில் சொன்னார் அந்த வேட்பாளர். கட்சி அவரை நீக்கியது, கயேன் நீதிமன்றம் 2014-இல் ஒன்பது மாதச் சிறை என்று தீர்ப்பும் கொடுத்தது, மேல்முறையீட்டில் அது ரத்தானது. வழக்கு விவரம் இருக்கட்டும். அதே வருஷம் அக்டோபரில் தொபிரா ஆன்ஜே என்ற ஊருக்குப் போனபோது, போராட்டக்காரர்கள் நடுவில் நின்ற சின்னப் பிள்ளைகள் குரங்கே, வாழைப்பழம் சாப்பிடு என்று கத்தினார்கள். ஒரு சிறுமி கையில் வாழைப்பழத் தோலைப் பிடித்து ஆட்டினாள். பெற்றோர் பக்கத்திலேயே நின்ற கூட்டம் அது.

அந்தச் சிறுமியைப் பற்றித்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அவள் வீட்டில் யாராவது உட்கார வைத்து இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்களா? இருக்காது. மேலே இருக்கிறவர் போடுவார், வீட்டில் அப்பா போனைப் பார்த்துச் சிரிப்பார், பக்கத்தில் இருக்கிற பிள்ளை எட்டிப் பார்க்கும். அவ்வளவு போதும். இளவேனில் உன் போனை எடுத்துத்தானே என்னோடு பேசுகிறாள்?

தொபிரா அப்புறம் ஒரு பேட்டியில் சொன்னது, தனக்கு அதிர்ச்சி தந்தது வசவு இல்லை, அதை எதிர்த்து ஓங்கி ஒரு நல்ல குரல் எழவில்லையே என்பதுதான் என்று. அரசியல்வாதிகளைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அது நமக்கும்தான்.

நான் எதுவும் எழுதவில்லையே, ஒரு சிரிப்புத்தானே என்று நீ சொல்லலாம். மேற்கு வர்ஜீனியாவில் கிளே என்று ஐந்நூறு பேர்கூட இல்லாத ஒரு ஊர். 2016 நவம்பரில் அந்த வட்டாரத்தில் ஓர் அமைப்பின் பொறுப்பில் இருந்த பெண், மிஷேல் ஒபாமாவைக் குதிகால் செருப்பு போட்ட குரங்கு என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். ஊர் மேயர் அதன் கீழே, இந்த நாளையே சந்தோஷமாக்கிவிட்டாய் என்று ஒரே ஒரு வரிதான் போட்டார். மேயர் பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது. அடுத்த வருஷம் டென்வரில் ஒரு மேடையில் மிஷேல் தன் மனதை அறுத்த காயங்களைப் பற்றிச் சொன்னபோது இந்த வசவும் அதில் இருந்தது. எட்டு வருஷம் அந்த நாட்டுக்காக உழைத்த பிறகும் தோல் நிறத்தால், தான் யார் என்று பார்க்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார். ஒரு கீழ்வரியும் போய்ச் சேரத்தான் செய்கிறது.

இன்னொன்றும் படித்தேன், 2008-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்டது. குரங்கு தொடர்பான சொற்களைக் கண்ணில் பட்டும் படாமலும் காட்டிவிட்டு, போலீஸ் ஒருவரை அடிக்கும் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அடி வாங்குபவர் கறுப்பினத்தவர் என்று நினைத்தவர்கள், அந்த அடி நியாயம்தான் என்று சொல்லும் சாத்தியம் கூடியது. வெள்ளையர் என்று நினைத்தவர்களிடம் அப்படி இல்லை. படம் வெறும் படமாக நிற்பதில்லை, அடுத்து யார் அடி வாங்கினாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. டிராஃபிக்கில் போலீஸ் வண்டி பின்னால் வந்தால் கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொள்வேன் என்று நீயே ஒருமுறை சொன்னாய். உன் நிறம் என்ன என்று அந்த போலீஸ்காரர் உன் பாஸ்போர்ட்டைப் பார்த்தா முடிவு செய்வார்?

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தச் சிரிப்பை எடுத்துவிடு. அந்த வீடியோவைத் திட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதே, திட்டி அனுப்பினாலும் படம்தான் போய்ச் சேருகிறது. குழுவில் நான் நேற்று எழுதிவிட்டேன், பெரியவர்கள் இருவர் ஆமாம் என்றார்கள், பிரபு பதிலே போடவில்லை. நான் சொன்னால் பெரியம்மா ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிடுவான். நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்த்து வளர்ந்தவன். தனியாகப் போன் பண்ணிப் பேசு, கோபமாக வேண்டாம், ஓட்டா பெங்கா கதையைச் சொல்லு.

அப்புறம், பள்ளியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு யாரையாவது பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இளவேனில் சொன்னாள். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றால் பார்பரா ஜான்ஸைச் சொல்லு. உன் வர்ஜீனியாவிலேயே, ஃபார்ம்வில் ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த 16 வயதுப் பெண். 180 பேருக்குக் கட்டிய பள்ளியில் 450 பேரை அடைத்து, மீதிப் பேருக்குத் தார்த்தாள் ஒட்டிய கொட்டகை போட்டிருந்தார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியரைப் போன் போட்டு வெளியே அனுப்பிவிட்டு, எல்லோரையும் ஹாலில் கூட்டி வேலைநிறுத்தம் தொடங்கினாள். அதிலிருந்து கிளம்பிய வழக்கும் சேர்ந்துதான் 1954-இல் பள்ளிகளில் இனப் பாகுபாடு கூடாது என்ற தீர்ப்பு வந்தது. தீர்ப்பை ஏற்க மனமில்லாமல் அந்த வட்டாரத்தில் 1959-இலிருந்து ஐந்து வருஷம் அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தார்கள், அதையும் சொல்லு, விட்டுவிடாதே. அந்தப் பள்ளி இப்போது அருங்காட்சியகம், உன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைக்கு லீவு விட்டதும் மூன்று பேரும் போய்விட்டு வாருங்கள், அங்கே எடுத்த போட்டோவைக் குழுவில் போடு.

அப்பாவுக்கு வியாழக்கிழமை கண் பரிசோதனை. முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா